இடக்கைப் படை

திம்மையா எதையும் முகம் பார்த்து வாங்கியதில்லை. கத்தரிக்காயாக இருந்தாலும் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால், பொண்ணு யார் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார். அருப்புக்கோட்டையில் தறிக்காரத் தெருவில் பிறந்தவரை இதற்காகக் குறை சொல்லவும் முடியாது. பூப்போட்ட சேலைக்குத் தறியில் நல்ல முகம் கீழே இருக்கும். நெய்கிறவன் நாள் முழுக்கப் பார்ப்பது நூல்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற முதுகைத்தான். அதையே பார்த்து வளர்ந்தவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு முதுகு உண்டு, அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று ஆகிவிட்டது.

அவர் நெய்யவில்லை. தறிக்கு ஈயம் வார்த்தார். பூப்போடும் ஜக்கார்டு தறியில் மேலிருந்து இறங்குகிற ஒவ்வொரு கயிற்றின் நுனியிலும் விறைப்புக்காக ஒரு ஈயக்குச்சி தொங்கும். மாக்கல்லில் அச்சு வெட்டி, ஈயத்தை உருக்கி ஊற்றி, அந்தக் குச்சிகளை வார்த்துக் கொடுப்பார். மனைவி வெங்கடலட்சுமி அரத்தால் பிசிறு ராவித் தருவாள். வீட்டில் இருவரும் பேசுவது கன்னடம், வாசற்படி தாண்டினால் தமிழ். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அறுபத்து மூன்றாம் வருஷம் பங்குனியில் ஒரு காலை, பூமிநாதன் வந்தார். திருச்சுழிக்குத் தெற்கே ஒரு மானாவாரிக் கிராமத்துச் சம்சாரி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். நெட்டையான மனிதர், செருப்புச் சத்தமே கேட்காமல் நடப்பார். உள்ளே வந்து நின்று, பட்டறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கைக்குட்டையைப் பிரித்து ஒரு சிப்பாயை எடுத்து வைத்தார். சுண்டுவிரல் உயரம், ஈயச் சிப்பாய்.

"செட்டியாரே, இத மாதிரி வாக்க முடியுமா?"

திம்மையா சிப்பாயை வாங்கி முதலில் அதன் முதுகைப் பார்த்தார்.

"எதுக்கு?"

பூமிநாதன் சொன்னார். உலக யுத்தத்தின்போது அவர் ஹாலிஸ் என்ற கேப்டனுக்கு ஆர்டர்லியாக இருந்தாராம். அந்தத் துரை ஓய்வு நேரத்தில் மேஜைமேல் மணலைக் கொட்டி, ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து, பகடை உருட்டிச் சண்டை விளையாடுவாராம். இப்போது சீமையில் அதற்கென்றே ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்கிறார். பெரிய மனுசர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நம் பக்கத்துப் பாளையப்பட்டு வீரர்கள், யானை, குதிரை எல்லாம் அவருக்கு வேண்டும். படம் வரைந்து அனுப்பியிருக்கிறார்.

வளர்ந்த ஆம்பளைகள் பொம்மை வைத்து விளையாடுகிறார்கள் என்பதைத் திம்மையாவால் நம்ப முடியவில்லை. இதில் வேறு என்னவோ இருக்கிறது. தங்கம் கடத்துகிறார்களோ? அவர் மனைவி பக்கம் திரும்பி, முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே, கன்னடத்தில் சொன்னார்:

"பெக்கு மாதிரி வந்து நிக்கறான் பாரு. கண்ணு எங்கெங்க போகுதுன்னு கவனிச்சுக்கோ."

பெக்கு என்றால் அவர்கள் பாஷையில் பூனை. கள்ளன், மோசக்காரன் என்றெல்லாம் சொன்னால் தமிழாளுக்கும் புரிந்துவிடும். பெக்கு புரியாது. திம்மையா அந்தச் சாமர்த்தியத்தை நினைத்துத் தனக்குத்தானே மெச்சிக்கொண்டார்.

பூமிநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். சரி, மாதிரிக்குக் கொஞ்சம் வார்த்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

முதல் சிப்பாயிலேயே கோளாறு. திம்மையா துரை அனுப்பிய படத்தைப் பார்த்து, அதில் உள்ளபடியே கல்லில் வெட்டினார். ஈயக்குச்சிக்கு இடமும் கிடையாது வலமும் கிடையாது, அதனால் அச்சில் வெட்டியது வார்ப்பில் இடவலம் மாறும் என்பது இத்தனை வருஷம் அவருக்குத் தெரியவில்லை. அச்சைத் திறந்தபோது சிப்பாய் இடது கையில் வாளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பீடத்தில் தன் அடையாளமாகத் 'தி' என்று வெட்டியிருந்தார், அதுவும் திரும்பி நின்றது. வெட்டியது ஒன்றல்ல, ஆறு அச்சுகள். ஆறிலும் அப்படியே.

வெங்கடலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திம்மையாவுக்கு அவமானத்தில் காது சிவந்தது. பூமிநாதன் சிப்பாயை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும் செட்டியாரே. அனுப்பிப் பாப்போம்."

துரையிடமிருந்து பதில் வந்தது. இடக்கைச் சிப்பாய்களே வேண்டும், இன்னும் நிறைய வேண்டும் என்று எழுதியிருக்கிறார் என்றார் பூமிநாதன். எப்படி ஒப்புக்கொண்டார் என்று திம்மையா கேட்டதற்கு, "புடிச்சிருக்காம்" என்றதோடு சரி. அந்த ஒரு வார்த்தைப் பதிலைத் திம்மையா பல மாதம் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் ஸ்ரீ சௌடேஸ்வரி ஈயச் சிப்பாய் கம்பெனி உண்டானது. பலகை ஏதும் மாட்டவில்லை. வார்ப்பு திம்மையா, ராவுவதும் கழிவுப் பஞ்சில் சுற்றி அடுக்குவதும் வெங்கடலட்சுமி. கடிதப் போக்குவரத்தும் பார்சலும் பூமிநாதன். காலையில் பஸ்ஸில் வருவார், மத்தியானம் அங்கேயே சாப்பிடுவார், சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புவார். வெங்கடலட்சுமியைத் தங்கச்சி என்பார். சிப்பாய்களை அடுக்கி வைக்கத் தன் பட்டாளத்து இரும்புப் பெட்டியையே கொண்டுவந்து போட்டிருந்தார். பச்சைப் பெயிண்டு, மூடியில் வெள்ளை எழுத்தில் என்னவோ இங்கிலீஷ். திம்மையாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பெட்டிக்கு இரட்டைத் தட்டு இருக்குமோ என்று ஒருநாள் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு அச்சு வெட்டும்போது அவர் கால் வைக்கிற பலகையாக அது ஆகிப்போனது.

வாசலில் நெட்டை உருவம் தெரிந்ததும் திம்மையா உள்ளே குரல் கொடுப்பார்: "பெக்கு பருத்தெ." பூனை வருது. பிறகு தமிழில், "வாங்க பட்டாளத்தாரே, வாங்க." வெங்கடலட்சுமி முதலில் இதற்குச் சிரித்தாள். நாள் போகப்போக அவளுக்கும் அது சகஜமாகிவிட்டது. பூனைக்குச் சோறு வைக்கட்டுமா என்று அவளே கேட்பாள். அவர் எதிரில், அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்பாள். பூமிநாதன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

எதைப் பார்த்தாலும் திம்மையாவுக்குச் சந்தேகம். வியாழக்கிழமை மட்டும் பூமிநாதன் அருப்புக்கோட்டைக்கு வருவதில்லை. எதிர்த்திசையில் வீரசோழனுக்குப் போகிறார் என்று பஸ் கண்டக்டர் தவசி சொன்னான். வீரசோழனில் அவருக்கு என்ன சோலி? கேட்டால், "ஒரு சின்ன வேல செட்டியாரே" என்பார். அங்கே இன்னொரு பட்டறை போட்டிருக்கிறானா? இதையும் பூமிநாதன் முன்னாலேயே கன்னடத்தில் மனைவியிடம் அலசினார். அலசிவிட்டு, "வெயில் சாஸ்தியா இருக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று தமிழில் முடித்தார்.

விளையாட்டிலும் இதே கதைதான். புதுச் சிப்பாய்கள் வார்த்ததும், மேஜைமேல் நிற்கிறதா, தட்டினால் சாய்கிறதா என்று பார்க்க இருவரும் ஒரு சண்டை போட்டுப் பார்ப்பார்கள். பழைய கதவுப் பலகைமேல் கரிசல் மண்ணைப் பரப்பி, வேலிக்கருவைக் குச்சிகளை மரமாக நட்டு, நடுவில் ஒரு துப்பட்டியைத் திரையாகப் பிடித்துப் படையை ஒளித்து வைப்பார்கள். திரையை எடுத்ததும் அங்குல டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும், பகடை போட்டு அடிக்க வேண்டும். துரையின் கம்பெனி அனுப்பிய விதிகள் அவை. பூமிநாதன் வாயால் கேட்டவை என்பதாலேயே திம்மையாவுக்கு அந்த விதிகள்மேல் நம்பிக்கை இல்லை. தோற்றால் விதியை மாற்றிச் சொல்லிவிட்டான் என்று கன்னடத்தில் பொருமுவார்.

அதனால் அவர் ஒரு வழி செய்தார். வெங்கடலட்சுமி தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் பூமிநாதனின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பாள். குதிரைப்படை எந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறது என்று கன்னடத்தில், சமையல் விஷயம் பேசுகிற தோரணையில் சொல்வாள். "எடக்கே" என்றால் இடது பக்கம். "பலக்கே" என்றால் வலது. திம்மையா தன் பீரங்கிகளை அங்கே திருப்பி வைத்துக்கொள்வார். திரை விலகும், பூமிநாதனின் குதிரைப்படை சிதறும். ஜெயித்த நாளில் திம்மையா வாய் நிறையத் தமிழ் பேசுவார். பட்டாளத்தாருக்கு இன்னொரு கரண்டி நெய் போடு என்பார்.

இதையெல்லாம் அவர் ஏமாற்று என்று நினைத்ததே இல்லை. ஏமாற்றுக்காரனிடம் முன்ஜாக்கிரதையாக இருப்பது எப்படி ஏமாற்றாகும்? இப்படித்தான் அவர் புத்தி வேலை செய்தது.

எழுபத்து நாலாம் வருஷம் கார்த்திகையில் துரையின் கம்பெனி கேட்லாக் ஒன்று வந்தது. வழவழப்பான தாள். பூமிநாதன் அதைக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குக் கைகால் கழுவப் போனார். திம்மையா பின் அட்டையிலிருந்து புரட்டிக்கொண்டு வந்தார். நடுப்பக்கத்தில் அவருடைய சிப்பாய்கள் அணிவகுத்து நின்றார்கள். தலைப்பாகை அவர் வெட்டியது, மீசை அவர் வெட்டியது. ஆனால் எல்லாருடைய வாளும் வலது கையில் இருந்தது.

தன் அச்சில் வலக்கைச் சிப்பாய் பிறக்கவே பிறக்காது. அப்படியானால் இவை வேறு அச்சு. யாரோ தன் சிப்பாயை மாதிரியாக வைத்து, கோளாறைத் திருத்தி வெட்டியிருக்கிறார்கள். வீரசோழன்! பதினோரு வருஷம் அந்தப் பூனை உட்கார்ந்து சாப்பிட்டது இதற்குத்தானா? தன் கையால் உண்டான ஒரே பெருமை இந்தச் சிப்பாய்தான். அது இன்னொருவன் பெயரில் சீமைக்குப் போகிறது என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

பூமிநாதன் வந்து உட்கார்ந்தார். வெங்கடலட்சுமி தட்டை வைத்தாள். திம்மையா முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கன்னடத்தில் ஆரம்பித்தார்.

"பெக்கு நம்ம அச்சைத் திருடி வித்துருச்சு லட்சுமி. வீரசோழன்ல பட்டறை வெச்சிருக்கு. இன்னைக்கு இதுக்குச் சோறு போடறதுதான் கடைசி. நாளைக்கு வந்தா வாசல்லயே நிறுத்தி அனுப்பிரு. பிச்சைக்காரனுக்குப் போட்டிருந்தாலும் நன்றியோட இருந்திருப்பான்."

பூமிநாதன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். சொம்பை எடுத்துத் தட்டிலேயே கையைக் கழுவினார். எழுந்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, வெங்கடலட்சுமியைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்:

"பெக்கு ஹோகுத்தெ, தங்கி."

பூனை போகுது, தங்கச்சி.

செருப்பு மாட்டுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. வெங்கடலட்சுமி கையில் குழம்புக் கரண்டியோடு நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பதினோரு வருஷமாக அந்த மனிதர் எதிரில் தான் பேசிய ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டிருந்தது.

திம்மையாவுக்கு அப்போதும் என்ன தோன்றியது தெரியுமா? பதினோரு வருஷம் ஒட்டுக்கேட்டிருக்கிறான், பாவி! அவர் சுபாவத்தை என்ன சொல்வது.

வியாழக்கிழமை அவர் கேட்லாக்கைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீரசோழனுக்குப் பஸ் ஏறினார். ஈயம் உருக்கும் பட்டறை எங்கே என்று கடைகடையாக விசாரித்தார். அப்படி ஒன்றும் இல்லை என்றார்கள். நெட்டையாக ஒரு பட்டாளத்தார் வியாழக்கிழமை வருவாரே என்று கேட்டதும், "ராவுத்தர் வீட்டுக்கு வாரவுகளா?" என்று வழி காட்டினார்கள்.

சிக்கந்தர் ராவுத்தர் பினாங்கில் கிளார்க்காக இருந்து திரும்பிய கிழவர். அறையில் ஒரு டைப்ரைட்டர் மட்டும் இருந்தது. பட்டறை இல்லை, அடுப்பு இல்லை. திம்மையா கதவுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்துவிட்டார்.

"பூமிநாதனுக்கு இங்கிலீசு பேசத்தான் வரும், எழுத வராது" என்றார் ராவுத்தர். "அவுக சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். துரை கடுதாசியும் நான்தான் படிச்சுச் சொல்றது. வெளிய சொல்லாதீக பாய், வெக்கமா இருக்குன்னாக. நீங்க கூட்டாளின்றதால சொல்றேன்."

எல்லாக் கடிதத்துக்கும் கார்பன் நகல் வைத்திருந்தார். அறுபத்து மூன்றாம் வருஷத்து முதல் கடிதத்தை எடுத்து, தமிழில் சொன்னார். இடது கையில் வாள் இருப்பது பிழை அல்ல. எங்கள் பக்கத்தில் ஒரு பாளையத்தில் இடக்கைப் படை என்றே ஒன்று இருந்தது. எதிரி வலக்கை வெட்டைத் தடுக்கப் பழகியவன், இவர்கள் மறுபக்கம் வெட்டுவார்கள். இது எங்கள் மாஸ்டர் திம்மையா தேடிக் கண்டுபிடித்துச் செய்தது.

"அப்பிடி ஒரு படை இருந்துச்சா?" என்று திம்மையா கேட்டார்.

"எனக்கும் அதே சந்தேகந்தான். கேட்டேன். இருந்துச்சோ இல்லையோ பாய், அந்த ஆளு ஆறு அச்சு வெட்டிட்டு மொகம் செத்துப்போய் உக்காந்திருக்காருன்னாக."

திம்மையா கேட்லாக்கை எடுத்து நடுப்பக்கத்தைக் காட்டினார். ராவுத்தர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"பீடத்துல 'தி'ன்னு போட்டிருக்கே. நீங்க வாக்கிற சிப்பாய்ல இது நேரா இருக்குமா, திரும்பி இருக்குமா?"

"திரும்பி இருக்கும்."

"இதுல நேரா இருக்கு. படத்த இடவலம் மாத்திப் போட்டு அச்சடிச்சிருக்கான், அம்புட்டுத்தான். திருடுறவன் உங்க எழுத்தையா செட்டியாரே போட்டு விப்பான்?"

திம்மையா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அவருடைய 'தி'தான். சுழியின் ஓரத்தில் உளி வழுக்கிய இடம்கூடத் தெரிந்தது. தன் கைவேலையைத் தானே தெரிந்துகொள்ளவில்லை. அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பூமிநாதனின் கிராமத்தில் இறங்கினார். அந்த வியாழக்கிழமை வீரசோழனுக்குப் போகாமல் பூமிநாதன் புஞ்சையில் மிளகாய்க்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, "வாங்க செட்டியாரே" என்றார். எப்போதும் சொல்கிற மாதிரியேதான் சொன்னார். இருவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள்.

மன்னிப்புக் கேட்கத்தான் திம்மையா வந்தார். வாயில் வந்தது வேறு.

"கன்னடம் எங்க படிச்சீக?"

"பெங்களூரு கேம்ப்புல. பட்டாளத்துல சேந்து மொத ஆறு வருசம் அங்கதான். பெட்டி மேலயே எழுதியிருக்கே, பெங்களூருன்னு."

திம்மையாவுக்குத் தன் கால் ஞாபகம் வந்தது. பதினோரு வருஷம் அந்த எழுத்தின் மேல்தான் அதை வைத்திருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"மொத நாளே சொல்லத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள பெக்குன்னுட்டீக. அப்புறம் சொன்னா உங்களுக்கும் தங்கச்சிக்கும் எம்புட்டுச் சங்கடம்? நாளைக்குச் சொல்லுவோம், நாளைக்குச் சொல்லுவோம்னே வருசம் ஓடிப்போச்சு."

"சண்டையில... லட்சுமி உங்களுக்குப் பின்னால நின்னு..."

"கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் குதிரைய அங்கயே வெச்சீக?"

பூமிநாதன் வரப்பில் ஒட்டியிருந்த மண்ணைச் செருப்பு நுனியால் தள்ளினார்.

"நீங்க ஜெயிச்ச அன்னைக்கு மட்டுந்தான் செட்டியாரே, எங்கூட வாய் நெறையத் தமிழ்ல பேசுவீக."

திம்மையா தலையைக் குனிந்துகொண்டார். கண்ணீர் வேட்டியில் விழுந்தது. நாளைக்கு வந்துவிடும்படி கேட்டார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். பூமிநாதன் கோபமாக இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வேணாம். கோவமெல்லாம் இல்ல. இனிமே நான் வந்து உக்காந்தா நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள வாயத் தொறக்க முடியாது. யோசிச்சு யோசிச்சுப் பேசுவீக. அதப் பாத்துக்கிட்டு என்னால சாப்பிட முடியாது." பிறகு சொன்னார்: "ராவுத்தர் அட்ரஸு தெரிஞ்சிருச்சில்ல. கடுதாசிக்கு அவுகளப் பாருங்க."

கம்பெனி இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. கடிதத்தை ராவுத்தர் அடித்துக் கொடுத்தார், பார்சலைத் திம்மையாவே கட்டினார். துரையின் கம்பெனி சொந்தமாக வார்க்க ஆரம்பித்ததும் ஆர்டர் நின்றது. திம்மையா மறுபடி ஈயக்குச்சிக்குப் போனார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. இரும்புப் பெட்டியைச் சுவரோரம் வைத்து, எழுத்து தெரிகிற மாதிரி மூடியைத் துடைத்து வைத்திருந்தார். அதன்மேல் யாரையும் கால் வைக்க விட்டதில்லை.

கருப்பட்டிக்காரி ஒச்சம்மாள், தறி ரிப்பேருக்கு வருகிறவர், யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் எழுந்து போகிறவரைக்கும் அந்த வீட்டில் தமிழ்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர், அன்னியர் மாதிரி, தமிழில் பேசிக்கொள்வார்கள். வந்தவர்கள் போன பிறகும் ஒரு சொல் மட்டும் அந்த வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. அடுப்படியில் பூனை பால் சட்டியை உருட்டினால், வெங்கடலட்சுமி கரண்டியை ஓங்கிக்கொண்டு, "ஏய், பூனை!" என்றுதான் கத்துவாள்.